இங்கே பூஜ்யம் வராது

கோத்தகிரியில் கரடி
கூப்பிட்டுவிட்டு வருவதில்லை.
தள்ளிப் பார்க்கும், நகரும்.
அங்கன்வாடி ஜன்னல், ரேஷன் கடை ஷட்டர்,
மாரியம்மன் கோயில் கம்பிக்கதவு.
போன மாதம் பேக்கரியின் பின்பக்கத் தகரம்
கொஞ்சம் அசைந்ததாம்.
அசைந்த இடத்திலேயே
ஒரு மணிநேரம் நின்றதாம்.

என் மேசைக்கடியில் ஒன்று ஓடுகிறது,
மூடி கழற்றிய பழைய கம்ப்யூட்டரில்.
நான் எழுதிய நிரலைத் தாக்கச் சொல்லி
நானே அவிழ்த்துவிட்டது.

நிரல் பெரிதல்ல.
மழைமானிகள் அனுப்பும் கோப்பைப் பிரித்துப் படிக்கும்,
நாலாயிரம் வரி, இலவசம்.
யாரும் எடுக்கலாம்.
யாரெல்லாம் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.
ஒருமுறை நார்வேயிலிருந்து ஒருவர் நன்றி சொன்னார்.
ஒருமுறை ஊர் சொல்லாத ஒருவர் திட்டினார்.

விதைக்கு முந்நூறு கோப்பு கொடுத்தேன்:
கோடநாடு, குஞ்சப்பனை, கீழ்க்கோத்தகிரி,
ஒழுங்கான தேதி, ஒழுங்கான மழை.
அது ஒரு பிட்டைத் திருப்பும்.
இரண்டு ஊரை நடுவில் வெட்டி ஒட்டும்.
தேதிக்குள் மழையை ஊற்றும்.
நொடிக்கு ஒன்பதாயிரம் உளறல்.
முக்கால்வாசியை நிரல்
முதல் வரியிலேயே போ என்று அனுப்பிவிடும்.
எந்த உளறல்
அதுவரை யாரும் மிதிக்காத வரியை மிதித்ததோ
அதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும்.
அதிலிருந்து மறுபடி.

முதல் நாள் புது வரிகள் மளமளவென்று ஏறின.
நாலாம் நாள் கோடு படுத்துவிட்டது.
இரண்டு முறை பொய்ச் சாவு:
நினைவகம் போதவில்லை,
அது நிரலின் குற்றமல்ல, என் பர்ஸின் குற்றம்.
ஒருமுறை கரண்ட் போய்
ஆறு மணிநேர உளறல் வீண்.

பதினொன்றாம் இரவு மூன்றே முக்காலுக்கு
விழுந்தது.
காவலுக்கு வைத்த கருவி சிவப்பில் கத்தியிருந்தது:
எல்லைக்கு வெளியே ஒரு பைட் வாசித்தாய்.
ஒரே ஒரு பைட்.
காவல் இல்லையென்றால்
ஒன்றும் நடக்காததுபோல் போயிருக்கும்,
இத்தனை வருஷம் போனதுபோல.

விழவைத்த கோப்பு நாற்பதாயிரம் பைட்.
பாதியை வெட்டினேன், விழுந்தது.
இன்னும் பாதி, விழுந்தது.
தவறான பாதியை வெட்டினால்
எழுந்து நின்று சிரிக்கும்.
விடிவதற்குள் ஏழு பைட்டில் வந்து நின்றது.
நாலு பெயருக்கு, ஒன்று பதிப்புக்கு,
மிச்சம் இரண்டும் சொல்வது:
என் நீளம் பூஜ்யம்.

கடைசி எழுத்தைப் பார்க்க
முடிவிலிருந்து ஓரடி பின்னால் போ என்றிருக்கிறேன்.
நீளமே இல்லாதவனுக்குப்
பின்னால் ஓரடி என்பது
வீட்டுக்கு வெளியே.

எழுதியது யார் என்று வரலாற்றைக் கேட்டேன்.
என் பெயரைச் சொன்னது.
எட்டு வருஷம் முன்பு, நவம்பர், இரவு ஒன்று பன்னிரண்டு.
வரிக்கு மேலே என் குறிப்பு:
இங்கே பூஜ்யம் வராது.

மழையில்லாத நாளிலும் மானி
இல்லை என்று ஒரு வார்த்தை அனுப்பும்.
யோக்கியமான மானிகளை மட்டும்
நினைத்து எழுதியிருக்கிறேன்.

திருத்தம் ஒரே வரி.
ஏழு பைட்டையும் சோதனைக் கூடையில் போட்டேன்,
இனி எந்த மாற்றம் வந்தாலும்
முதலில் வந்து தட்டட்டும்.
தெரிந்த நாலு பேருக்கு ரகசியமாய் எழுதினேன்:
கதவை மாற்றுங்கள்,
தொண்ணூறு நாள் வாய் திறக்கமாட்டேன்.
தெரியாதவர்களுக்கு எந்த விலாசத்துக்கு எழுதுவது?
குறிப்பை அழித்தேன்.
அந்த இடத்தில் வேறெதுவும் எழுதவில்லை.
மறுபடி ஓடவிட்டேன்.

ஏழு மணிக்குத் தேயிலை ஆலை வாட்ச்மேன் போஜன்
ஷிப்ட் முடிந்து போனார்.
ராத்திரி கரடி வரலையா என்றேன்.
வந்துச்சு, என்றார்.
எதுவும் உடையலை.
உங்க வீட்டைச் சுத்தி
ரெண்டு தடவை தடம் இருக்கு.